விண்மீனின் வயதை யார் கண்டது?

மயிலைப் பகுதியிலிருந்து வாசகி ஒருவர் எழுதிய கடிதம் இரு வாரங்களாக நம் மேசைமேல் இருக்கிறது. பதினோராம் வகுப்பில் பயிலும் அவருடைய மகள், பள்ளித் தோழியருடன் கோட்டூர்புரத்திலுள்ள பிர்லா கோளரங்கத்திற்குச் சென்று வந்தாளாம். அன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்ததும் தந்தையிடம் ஒரு கேள்வி கேட்டாள். "நம் பால்வீதிக்கு வெளியே, பக்கத்து மண்டலங்களில் இருக்கும் விண்மீன்களிலும் இரும்பு இத்தனை பங்கு, வயது இத்தனை நூறு கோடி ஆண்டு என்றெல்லாம் சொல்கிறார்களே அப்பா! யாரும் அங்கே போனதில்லை, தொட்டதில்லை. இதை எப்படி நம்புவது?" தந்தை அலுவலகத்திலிருந்து களைத்து வந்தவர். "கோவிலில் சொல்வதை நாம் நம்பவில்லையா? அதுபோல் அவர்களுக்கு அது ஒரு நம்பிக்கை" என்று சொல்லி முடித்துவிட்டார். மகளோ, "அப்படியானால் இரண்டுமே ஊகந்தானா?" என்று கேட்டுவிட்டுப் படுக்கச் சென்றுவிட்டாள். "அன்று முதல் செபத்திற்கு வந்து உட்காருகிறாள், உதடு அசைகிறது, மனம் அங்கே இல்லை. நான் என்ன சொல்லட்டும்?" என்று முடிகிறது கடிதம்.

தாயின் கலக்கம் நமக்குப் புரிகிறது. ஆயினும் தந்தையின் பதிலை நாம் ஏற்பதற்கில்லை. அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால், அளந்து அறிந்த ஒன்றை நம்பிக்கை என்று பெயர் மாற்றிச் சொன்னால் விசுவாசம் உயர்வதில்லை. இரண்டும் சேர்ந்து தாழ்ந்துபோகின்றன. பிள்ளை உடனே அதைக் கண்டுகொண்டாள். அதுவும் தொட்டுப் பார்த்தாலன்றி ஏற்கமாட்டேன் என்ற திருத்தூதரின் கல்லறையை அடுத்து வாழும் பிள்ளை! அவளுடைய கேள்விக்குரிய விடையைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவோம். வீட்டில் தாயும் தந்தையும் மகளுமாகச் சேர்ந்து படிக்கட்டும்.

சமையலறையிலிருந்தே தொடங்கலாம். உப்பிட்ட நீர் பொங்கி வழிந்து எரிவாயு அடுப்பின் நீலச் சுடரில் விழும்போது சுடர் மஞ்சளாக எரிவதைக் கண்டிருக்கிறோம். உப்பிலுள்ள சோடியம் தரும் நிறம் அது. சூடேறிய ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய நிறங்களில் ஒளிவிடும். தன்னைக் கடந்து செல்லும் ஒளியிலிருந்து அதே நிறங்களை உறிஞ்சிக்கொள்ளும். விண்மீனின் ஒளியை முப்பட்டகத்தின் வழியே விரித்தால் வானவில் போன்ற நிறமாலை கிடைக்கிறது. அதன் குறுக்கே மெல்லிய கருங்கோடுகள் தென்படுகின்றன. எந்த இடத்தில் கோடு இருக்கிறதோ அந்த இடத்திற்குரிய தனிமம் அந்த விண்மீனின் மேற்பரப்பில் உண்டு. சோடியத்திற்கு அருகருகே இரண்டு கோடுகள், இரும்புக்கோ ஆயிரக்கணக்கானவை. விரல் ரேகையைக் கொண்டு ஆளை அறிவதைப் போன்றது இது.

பிரெஞ்சு அறிஞர் ஆகஸ்ட் கோம்ட் 1835ஆம் ஆண்டில், விண்மீன்கள் எதனால் ஆனவை என்பதை மனிதர் ஒருநாளும் அறிய முடியாது என்று எழுதினார். கால் நூற்றாண்டுக்குள் செர்மானிய நாட்டில் கிர்க்காஃபும் பன்சனும் மேற்சொன்ன வழியைக் காட்டிவிட்டார்கள். அடுத்து வந்தவர்களுள் ஒருவரை நம் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. உரோமையில் புனித இஞ்ஞாசியார் ஆலயத்தின் கூரைமேல் அமைந்திருந்த வான்நோக்ககத்தில், இயேசு சபைக் குரு ஆஞ்செலோ செக்கி 1860களில் தொடங்கி நாலாயிரத்திற்கும் மேற்பட்ட விண்மீன்களின் நிறமாலைகளைத் தம் கண்ணாலேயே பார்த்து வகைப்படுத்தினார். கீழே பீடத்தில் திருப்பலி. மேலே கூரையில் தொலைநோக்கி. ஒன்று மற்றொன்றுக்கு இடையூறு என்று அவர் நினைத்ததாகத் தெரியவில்லை.

"கோடு இருக்கிறது என்பது சரி, அது உண்மையிலேயே அந்தப் பொருள்தான் என்பதற்கு என்ன சாட்சி?" என்று மகள் கேட்கக்கூடும். அதற்குச் சென்னையிலேயே விடை இருக்கிறது. 1868 ஆகஸ்ட் 18ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் அன்றைய சென்னை மாகாணத்தைக் கடந்து சென்றது. குண்டூரில் பிரெஞ்சு வானியலார் ழான்சென் காத்திருந்தார். மசூலிப்பட்டினத்தில், நுங்கம்பாக்கத்திலிருந்த சென்னை வான்நோக்ககத்தின் தலைவர் நார்மன் போக்சன் காத்திருந்தார். சூரியனின் விளிம்பில் எழுந்த செந்தழல்களின் நிறமாலையில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. அது சோடியத்தின் இடத்தில் சரியாகப் பொருந்தவில்லை என்பதைக் குறித்துவைத்தவர் போக்சன். பூமியில் எவரும் அறியாத தனிமம் என்று முடிவு கட்டி, ஆங்கில அறிஞர் லாக்கியர் அதற்கு ஹீலியம் என்று பெயரிட்டார். நகைத்தவர்களும் உண்டு. 1895இல் யுரேனியம் கலந்த ஒரு கனிமத்திலிருந்து அதே கோட்டை உடைய வாயுவை வில்லியம் ராம்சே பிரித்தெடுத்தார். சூரியனில் முதலில் கண்டது 27 ஆண்டுகள் கழித்துக் கண்ணாடிக் குழாய்க்குள் வந்து நின்றது. தொட்டுப் பார்க்காமல் சொன்னதைப் பின்னர் தொட்டுப் பார்க்க முடிந்தது. இதைவிட நல்ல சாட்சி நமக்குத் தெரியவில்லை.

கோடு கருமையாக இருந்தால் அப்பொருள் மிகுதி என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. வெப்பநிலையைப் பொறுத்தும் கோடு தடிக்கும், மெலியும். அந்தச் சிக்கலை அவிழ்த்தவர் நம் நாட்டு மேகநாத் சாகா. அவருடைய சமன்பாடு 1920இல் வெளிவந்தது. அதைக் கொண்டு 1925இல் செசீலியா பெய்ன் என்னும் இளம்பெண், விண்மீன்களில் பெரும்பகுதி ஹைட்ரஜனே என்று கணக்கிட்டார். மூத்தவர் ஒருவரின் மறுப்புக்கு அஞ்சி, அம்முடிவு பெரும்பாலும் உண்மையாயிராது என்று தம் நூலிலேயே எழுதும்படி ஆயிற்று. நான்காண்டுகளில் அந்த மூத்தவரே அவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டார்.

இனி வயது. இதுதான் கடினமான பகுதி. நம் வயதைச் சொல்லப் பங்கின் திருமுழுக்குப் பதிவேடு இருக்கிறது. விண்மீனுக்கு ஏது பதிவேடு? ஆனால் பல விண்மீன்கள் கொத்தாக, ஒரே வாயுக் கூட்டத்திலிருந்து ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறக்கின்றன. ஒரு வயிற்றுப் பிள்ளைகளைப் போல. பிறப்பு ஒன்றாயினும் ஆயுள் ஒன்றன்று. பெருத்த விண்மீன் பெருஞ்செல்வர் வீட்டு ஊதாரிப் பிள்ளையைப் போன்றது. சொத்து அதிகம், செலவு அதனினும் அதிகம். சூரியனைப் போன்ற ஒன்று தன் எரிபொருளைக் கொண்டு ஏறக்குறைய 1,000 கோடி ஆண்டுகள் வாழும். அதைவிடப் பத்து மடங்கு நிறையுடையது இரண்டு மூன்று கோடி ஆண்டுகளில் தீர்ந்துவிடும். ஆகவே ஒரு கொத்தில் இன்னும் தீராமல் நிற்பவற்றுள் மிகப் பெரியது எது என்று பார்த்தால் கொத்தின் வயது தெரிந்துவிடும். பருமனான நீல விண்மீன்கள் இன்னும் இருந்தால் அது இளங்கொத்து. சூரியன் அளவுள்ளவையே முதுமை எய்தத் தொடங்கிவிட்டால் 1,000 கோடி ஆண்டைத் தொட்ட கிழக்கொத்து.

இதில் ஒரு பொல்லாத மயக்கம் உண்டு. முதுமை எய்திய விண்மீன் சிவக்கிறது. இரும்பு முதலிய கன தனிமங்கள் மிகுந்த விண்மீனும் சிவக்கிறது. நரைத்த தலையைக் கண்டதும் முதியவர் என்று சொல்லிவிடலாமா? அந்தக் குடும்பத்திற்கே இளநரை இருக்கக்கூடுமே! அப்படித்தான் இதுவும். சிவப்பு வயதாலா, வகையாலா என்று பிரித்தறிய நிறமாலையை எடுத்துக் கன தனிமங்களை அளந்தாக வேண்டும். பொருள் தெரிந்தால்தான் வயது தெரியும். கோளரங்கத்தில் இந்த இரண்டையும் சேர்த்தே சொன்னதற்குக் காரணம் இதுதான்.

பக்கத்து மண்டலங்களுக்கு வருவோம். தென்வானில் பெரிய மகெல்லன் மேகம், சிறிய மகெல்லன் மேகம் என இரண்டு சிறு மண்டலங்கள் நம் பால்வீதிக்கு அண்டை வீட்டாராய் உள்ளன. முன்னது 1,60,000 ஒளியாண்டுத் தொலைவிலும், பின்னது 2,00,000 ஒளியாண்டுத் தொலைவிலும் இருக்கின்றன. ஆந்திரோமேடா பெரிய மண்டலம். 25 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால் உள்ளது. சென்னை வான்நோக்ககத்தின் முதல் உதவியாளராயிருந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். அந்த விண்மீன் நம் மண்டலத்தைச் சேர்ந்ததே. ஆனால் அது இருக்கும் திசை பெரிய மேகத்தை ஒட்டியது. நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே அத்தனை தாழ்வாகப் பார்க்கும் அளவுக்கு அன்று நம் நகரத்து வானம் தெளிவாக இருந்திருக்கிறது! அந்த நோக்ககத்தின் கருங்கல் தூண் ஒன்று, தமிழ் உள்ளிட்ட மொழிகளில் எழுத்துப் பொறித்து, கல்லூரிச் சாலையிலுள்ள வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது.

அந்த நோக்ககத்தின் வழிவந்ததே பெங்களூரிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம். கொடைக்கானலும், ஜவ்வாது மலைக் காவலூரும் அதன் கிளைகள். 2019இல் அதன் இயக்குநராகப் பொறுப்பேற்ற அன்னபூரணி சுப்பிரமணியம் பல்லாண்டுகளாக இந்த மகெல்லன் மேகங்களையே ஆராய்ந்தவர். காவலூரிலிருந்தும் மேகங்கள் அடிவானத்தை ஒட்டியே எழும். ஆதலால் அவர் குழுவினர் சிலி நாட்டு லாஸ் காம்பனாஸ் மலையில் பிறர் எடுத்து அனைவருக்கும் பொதுவாக்கிய அளவீடுகளைப் பயன்படுத்தினார்கள். இலட்சக்கணக்கான விண்மீன்கள், ஒவ்வொன்றின் ஒளியும் நிறமும். (லாஸ் காம்பனாஸ் என்றால் ஸ்பானிய மொழியில் மணிகள் என்று பொருள். பெயரைக் கேட்டதும் நமக்குச் சாந்தோம் ஆலய மணி நினைவுக்கு வந்தது.)

அத்தனைக்கும் தனித்தனியே நிறமாலை எடுப்பது இயலாத காரியம். அவர்கள் மேகத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் முதிர்ந்து சிவந்த விண்மீன்களை ஒளிக்கும் நிறத்திற்குமான வரைபடத்தில் குறித்தால் அவை ஒரு கோடாக அமையும். இரும்பு மிகுந்தால் அந்தக் கோடு சாய்கிறது, குறைந்தால் நிமிர்கிறது. எவ்வளவு சாய்வுக்கு எவ்வளவு இரும்பு என்பதை, பிறர் பெருந்தொலைநோக்கிகளால் முன்னரே நிறமாலை எடுத்து அளந்த விண்மீன்களைக் கொண்டு சரிபார்த்துக்கொண்டார்கள். பெரிய மேகத்தின் நடுப்பகுதியில் மட்டும் முந்நூற்றுக்கும் மேற்பட்ட சிவந்த விண்மீன்களின் அளவு 2005இல் வெளியாகியிருந்தது. எடைக்கற்களை அரசு முத்திரையிட்ட கல்லோடு ஒப்பிட்டுக்கொள்ளும் கடைக்காரரின் நேர்மை இது.

பெரிய மேகத்தின் வரைபடம் 2016இலும், சிறியதன் வரைபடம் 2018இலும் வெளிவந்தன. பெரிய மேகத்தில் இரும்பின் விகிதம், சராசரியாக, சூரியனில் உள்ளதில் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்றே அதிகம். சிறியதில் ஒன்பதில் ஒரு பங்கு. பெரிய மேகத்தின் நடுவே இரும்பு கூடுதல். விளிம்பை நோக்கிப் போகப் போகக் குறைகிறது. அடுத்த வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று மணத்தைக்கொண்டு சொல்வோம். இவர்கள் எந்த அறையில் உப்பு அதிகம் என்று வரைந்து காட்டிவிட்டார்கள்.

அந்த இரும்பு எங்கிருந்து வந்தது? இவ்விடத்தில் மயிலாப்பூர் வந்து சேர்கிறது. எட்வர்ட் எலியட்ஸ் சாலை என்று அன்று வழங்கிய இராதாகிருஷ்ணன் சாலையில் 'சந்திர விலாஸ்' என்ற வீட்டில் வளர்ந்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930இல் மாநிலக் கல்லூரிப் படிப்பை முடித்துக் கப்பலில் இங்கிலாந்து சென்றார். அப்பயணத்தில் அவர் தொடங்கிய கணக்கே, எரிந்து முடிந்த வெண்குள்ள விண்மீன் ஒன்று சூரியனைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு நிறைக்குமேல் நிலைக்க முடியாது என்ற முடிவுக்கு இட்டுச் சென்றது. 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. துணை விண்மீனிடமிருந்து பொருளைப் பெற்று அந்த எல்லையை நெருங்கும் வெண்குள்ளன் வெடித்துச் சிதறுகிறது. அண்டத்திலுள்ள இரும்பில் பெரும்பங்கு அத்தகைய வெடிப்புகளில் விளைந்தது. பெரிய விண்மீன்கள் சில கோடி ஆண்டுகளிலேயே வெடித்து ஆக்சிஜனையும் மக்னீசியத்தையும் தூவுகின்றன. வெண்குள்ளர்கள் பெரும்பாலும் தாமதித்து வந்து இரும்பைத் தூவுகிறார்கள். ஆகவே ஒரு விண்மீனில் மக்னீசியத்திற்கும் இரும்புக்கும் உள்ள விகிதமே ஒரு கடிகாரம். மகெல்லன் மேகங்களில், மொத்தக் கன தனிமங்கள் இன்னும் குறைவாக இருக்கும்போதே இரும்பின் பங்கு ஏறிவிட்டது. அங்கே விண்மீன்கள் நம் மண்டலத்தைவிட நிதானமாகப் பிறந்தன என்பதற்கு அது அடையாளம்.

இது வெறும் காகிதக் கணக்கு என்று எவரேனும் சொன்னால் 1987 பிப்ரவரியை நினைவூட்டலாம். பெரிய மேகத்தில் பருமனான விண்மீன் ஒன்று வெடித்தது. அதில் புதிதாக உண்டான நிக்கல் கோபால்டாகி, கோபால்ட் இரும்பாக மாறியது. அந்தக் கோபால்டுக்கே உரிய காமாக் கதிர்களைச் செயற்கைக்கோளிலுள்ள கருவிகள் பிடித்தன. இரும்பாக மாறிய அளவு சூரிய நிறையில் நூற்றில் ஏழு பங்கு. நம் பூமியைப் போல் இருபதாயிரம் மடங்குக்கும் மேல். பக்கத்து மண்டலத்து இரும்பு நம் கண்ணெதிரே பிறந்ததென்றே சொல்லலாம்.

வயதுப் பதிவேட்டில் கிழிந்த பக்கங்களும் உண்டு. பெரிய மேகத்தில் 1,000 கோடி ஆண்டுகளைத் தாண்டிய கொத்துகள் இருக்கின்றன. 300 கோடி ஆண்டுகளுக்குக் குறைந்தவை ஏராளமாக இருக்கின்றன. இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்ததென்று நெடுங்காலம் ஒரே ஒரு கொத்தைத்தான் காட்ட முடிந்தது. பல நூறு கோடி ஆண்டுகள் கொத்துகளே பிறக்கவில்லையா, பிறந்தவை சிதைந்தனவா, இரு மேகங்களும் நெருங்கி உரசியதால் பின்னர் பிறப்பு மீண்டும் பெருகியதா என்று ஆராய்ச்சி நடக்கிறது. சிறிய மேகத்தில் உண்மையிலேயே முதுகொத்து என்று சொல்லத்தக்கது ஒன்றுதான். அதன் வயது ஏறக்குறைய 1,100 கோடி ஆண்டு.

வானியலார் தவறியதே இல்லையா என்றால், தவறியிருக்கிறார்கள். அதையும் மகளிடம் மறைக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போரின்போது லாஸ் ஏஞ்சலஸ் நகரில் விளக்குகள் அணைக்கப்பட்டன. 1942இல் சென்னை இருண்டு கிடந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். அந்த இருளைப் பயன்படுத்தி வால்டர் பாடே ஆந்திரோமேடாவின் நடுப்பகுதி விண்மீன்களைத் தனித்தனியே பிரித்துப் பார்த்தார். விண்மீன்கள் இளையவை, முதியவை என இரு கூட்டங்கள் என்று 1944இல் அறிவித்தார். அதன் தொடர்ச்சியாக, ஆந்திரோமேடாவுக்கு அதுவரை சொல்லிவந்த தூரம் ஏறத்தாழப் பாதியளவே என்பதைக் கண்டு, 1952இல் உரோமையில் கூடிய வானியலார் மாநாட்டில் வெளியிட்டார். ஒரே உரையில் அண்டத்தின் அளவும் வயதும் இரட்டித்தன.

அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், அண்டத்திற்குத் தொடக்கம் உண்டு என்ற புதிய அறிவியலைப் படைப்பின் உண்மைக்குச் சான்றுபோல் வரவேற்றுப் பேசியிருந்தார். அந்த அறிவியலின் தந்தையர்களுள் ஒருவரான பெல்ஜியக் குரு ஜார்ஜ் லெமேத்ர் மகிழவில்லை. தம் கோட்பாட்டை விசுவாசத்திற்கு முட்டுக்கொடுக்கும் தூணாக நிறுத்தலாகாது என்பது அவர் உறுதி. நாம் குரு லெமேத்ர் பக்கமே நிற்கிறோம். தொடக்க நூலின் ஆறு நாள்களை நிறமாலையால் அளக்கவும் வேண்டாம். நிறமாலையைத் தொடக்க நூலால் மறுக்கவும் வேண்டாம். வானத்தைப் பற்றி அறியாமல் பேசி, அறிந்தவர்முன் மறைநூலை நகைப்புக்கு உள்ளாக்கும் கிறிஸ்தவர்களைப் புனித அகுஸ்தீனார் தம் காலத்திலேயே கண்டித்திருக்கிறார்.

ஆகவே அந்தத் தந்தை மகளிடம் இப்படிச் சொல்லலாம்: "அன்று நான் தவறாகச் சொல்லிவிட்டேன். விண்மீனில் இரும்பு இருப்பதை நம்பிக்கையால் ஏற்கவில்லை. அளந்து, சரிபார்த்து, தவறினால் திருத்தி ஏற்கிறோம். ஆண்டவரை நான் நம்புவது அவ்விதம் அன்று. அம்மாவையும் உன்னையும் நம்புவதைப் போன்றது." இதற்குமேல் விளக்கம் வேண்டுமானால் பங்குத்தந்தையிடம் கேட்கட்டும், ஆனால் கேள்வி கேட்டதற்காக அவளைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

ஜனவரி இறுதியில் ஒருநாள் இரவு ஒன்பது மணிக்குக் குடும்பமாகப் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி ஆலயத்திற்குச் சென்றுவிட்டு, கடற்கரை மணலில் தெற்கு நோக்கி நில்லுங்கள். அடிவானத்திலிருந்து, நீட்டிய கையால் ஒரு சாணுக்குச் சற்று மேலே பளிச்சென்று தெரிவது அகத்திய விண்மீன். அதற்குக் கீழே, அடிவானத்திலிருந்து நான்கு விரல் உயரத்தில் பெரிய மகெல்லன் மேகம் அந்நேரம் இருக்கும். சென்ற ஆண்டு நாம் போய் நின்றோம். திருவான்மியூர்ப் பக்கத்து விளக்கொளியும் கடல்மூட்டமும் அதை மறைத்துவிட்டன. அகத்தியரை மட்டும் கண்டு திரும்பினோம். அவள் கண்கள் நம்முடையவற்றைவிட இளையவை. தந்தையும் உடன் செல்லட்டும்.